வெளிச்சம் யாரை நல்லவர் என்று நினைத்தான்

என் தங்கை புருஷன் எனக்கு ஒரு கடன் பாக்கி வைத்திருந்தான். அவன் தனியாக ஷெட் பிடிக்கக் கொடுத்த அட்வான்ஸ் பணம் முழுக்க என் பணம். கடன் வாங்கியது அவனுக்குத் தெரியும். என்னிடம் வாங்கியது தெரியாது. இப்படி ஒரு கடன் உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதைச் சுமந்தவன் வாங்கினவன் இல்லை, நான்தான்.

அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்த்தவன் நான், தங்கையைக் கொடுத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இன்னொருவர் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்கி, மீசை நரைப்பதற்குள் சொந்தமாக லேத் போட்டவன் நான். எங்கள் தெருவில் முதல் லேத் என்னுடையது. இன்றைக்கு அங்கே வரிசையாக இருக்கிற பட்டறைகள் எல்லாம் என்னைப் பார்த்து வந்தவை. இதைத் தற்பெருமை என்பவர்கள் தெருவிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

அவனுக்குத் தெருவில் வெளிச்சம் என்று பெயர். வெல்டர். அவன் வேலையைத் தொடங்கினால் எதிர்ச்சுவர் வரை நீலமாகப் பளிச்சிடும். "வெளிச்சம் வந்தாச்சு, திரும்பி உக்காரு" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது. முதல் நாள் ஒரு தோள்பையோடு வந்து வேலை கேட்டான். இரண்டு துண்டுக் குழாயைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். ஒட்டியதை வாங்கித் தரையில் போட்டுச் சம்மட்டியால் அடித்தேன். குழாய் வளைந்தது, ஒட்டு விடவில்லை. அன்றே சேர்த்துக்கொண்டேன். ஆள் பார்த்து எடுப்பதில் நான் தவறியதே இல்லை.

அவன் மனசும் அந்த மாதிரிதான். ஒட்டினால் ஒட்டினதுதான். ஒரு தடவை மூலைக் கடையில் வெல்டிங் குச்சி ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். எண்ணினால் ஒன்று குறைகிறது. கடைக்காரன் திருடன் என்று முடிவு கட்டிவிட்டான். மறுநாள் அந்தக் குச்சி அவன் பையின் தையலுக்குள்ளேயே கிடைத்தது. அப்புறமும் அந்தக் கடைக்கு அவன் போகவில்லை. "அதான் கிடைச்சிடுச்சே" என்றேன். "கிடைச்சுது. ஆனா அந்த ஆளு மூஞ்சி சரியில்ல" என்றான். அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவது என் தங்கை. அவள் வருகிற நேரம் பார்த்து இவன் முகக் கவசத்தைக் கழற்றி முகம் கழுவுவதைப் பார்த்தேன். ஆளும் நல்லவன், கையும் நல்ல கை. நானே பேசி முடித்துவைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகாவது அவன் வாயிலிருந்து மச்சான் என்று வரும் என்று பார்த்தேன். நான் மாப்ளே மாப்ளே என்று கூப்பிடுகிறேன், அவன் முதலாளி என்பதை விடவில்லை. சரி, மரியாதைதானே என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவன் பணம் கேட்டான். கேட்டதில் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. லேத் ஓடிக்கொண்டிருக்கிறது, வேலையாட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள், எதிர்க்கடைக் காயில்காரர் வேறு வந்திருக்கிறார். காயில்காரர் என்றால் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுசாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். ஷாஃப்ட் தேய்ந்து போனால் என்னிடம் கடைசலுக்கு அனுப்புவார். அப்படிக் கடைந்ததற்குக் கூலி கொடுக்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார். இத்தனை பேர் நடுவில் இவன், தெருக்கோடியில் ஒரு ஷெட் காலியாகிறது, அட்வான்ஸுக்குப் பணம் வேண்டும் என்கிறான்.

அங்கே நான் சரி என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை என் வேலையாட்கள் வாசலில் வரிசை கட்டியிருப்பார்கள். பட்டறை நடத்தியவர்களுக்கு இது புரியும். "முதல்ல கண்ணுல விழுற பொறியைத் துடைக்கக் கத்துக்கோ மாப்ளே, அப்புறம் முதலாளி ஆகலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காயில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கூலியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் பணம் கொடுக்கிற முறையைச் சொல்லவேண்டும். ரப்பர் பேண்ட் வாங்க மாட்டார். நோட்டுகளை எண்ணி மடித்து, மிச்சமான மெல்லிய செம்புக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை ஒரு முறுக்கு முறுக்கி உள்ளே மடக்கிவிடுவார். மோட்டாருக்குள் செய்கிற அதே முறுக்கு. தெருவில் வேறு எவன் கைக்கும் அது வராது. அன்று சாயங்காலம் எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் கட்டை எடுத்தேன். கம்பி உருவாமல் அப்படியே தளர்த்தி, என் மேஜையிலிருந்து குறைகிற பணத்தையும் சேர்த்துச் செருகி, ஆணியில் தொங்கிய வெளிச்சத்தின் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் வந்து யார் வைத்தது என்று கேட்பான். "நான் இல்லைன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தமா மாப்ளே?" என்று கேட்கவேண்டும் என்று வீட்டில் என் மனைவியிடம் சொல்லிக்கூடப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் அவன் என்னைக் கேட்கவில்லை. பையிலிருந்து கட்டை எடுத்தான், கம்பியை இன்னொரு தடவை பார்த்தான், நேராகத் தெருவைக் கடந்து காயில்காரர் கடைக்குப் போனான். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். என் கல்லாவில் உட்கார்ந்து என் கண்ணாலேயே பார்த்தேன்.

"நான் எதுவும் குடுக்கலையே தம்பி" என்றார் அவர்.

"சரிண்ணே. நீங்க குடுக்கல" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணடித்தான்.

அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. அவர் இல்லை என்று சொல்லச் சொல்ல இவனுக்கு அவர் பெரியவராகிக்கொண்டே போனார். கொடுத்துவிட்டுக் கொடுக்கவில்லை என்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூடப்பிறந்தவன் விரட்டிவிட்டான், எதிர்க்கடைக்காரர் கொடுத்தார் என்ற பார்வை.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் கொடுத்தேன், என்னைக் கும்பிடு என்று போய்க் கேட்பது பிச்சை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசான வேலையும் இல்லை. வெளிச்சம் ஷெட் போட்டான், நன்றாக வந்தான். முதல் வேலையாகக் காயில்காரர் கடைக்கு ஒரு கம்பிக் கதவு செய்து கூலி வாங்காமல் மாட்டிக்கொடுத்தான். அவருக்கு முதுகு வலி. அவர் முதுகை அளந்து சாய்வு வைத்து ஒரு நாற்காலி செய்தான். என் நாற்காலி வருஷக்கணக்காக ஒரு கால் ஆடுகிறது, அதன் அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன், அவன் கண்ணில் அது பட்டதே இல்லை. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அந்த எதிர்க்கடை அண்ணனைக் கேட்டான், வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது என்று அண்ணனைக் கேட்டான். என் தங்கை கையால் சமைத்த குழம்பு என் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குத் தூக்குவாளியில் போகும். வாசனை மட்டும் எனக்கு. காயில்காரர் பெண்டாட்டி இல்லாத மனுஷர், பாவம்தான். இருந்தாலும் அது என் பணத்துக்கு வந்த குழம்பு.

பணம் சேர்ந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனான். அது அவர் பணமாக இருந்தால்தானே வாங்குவார்? வாங்கவில்லை. அது இன்னும் பெரிய மனசு ஆயிற்று. அந்தச் செம்புக் கம்பியை வளையம்போல் சுருட்டிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு முறை வாய்விட்டேன். டீக்கடை பெஞ்சில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். பேச்சு அந்தப் பணத்துக்கு வந்தது. "ஒருவேளை அதை வச்சது நானா இருந்தா?" என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நீங்களா முதலாளி? டீக்குச் சில்லறை குடுக்கும்போதே ரெண்டு தடவை எண்ணுறவரு நீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர். சம்பளம் கொடுத்து யோசிக்கச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கதையை அவரிடம் சொன்னேன். என் கட்சியையும் சொன்னேன். "யார் என் பையில பணம் வச்சாரோ அவரு மாதிரி நல்லவரு இந்தத் தெருவுலயே இல்ல" என்று வெளிச்சம் ஊரெல்லாம் சொல்கிறான். வைத்தவன் நான். ஆகவே என்னைப்போல் நல்லவன் இல்லை என்றுதான் அவன் நினைக்கிறான். அவனுக்கே அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இதைப் பற்றி அவர்கள் ஆட்கள் ரொம்பக் காலமாக அடித்துக்கொள்கிறார்களாம். "நிஜத்துல இருக்கிறது ஒரு ஆளு மாமா. வெளிச்சம் மனசுல இருக்கிறது ரெண்டு ஆளு. பணம் வச்சவர் நல்லவரான்னு கேட்டா ஆமான்னு தலையாட்டுவார். முதலாளி நல்லவரான்னு கேட்டா ஆட்டமாட்டார். அவரே தலையாட்டாத ஒண்ணை அவரோட நினைப்புன்னு நாம எப்படிச் சொல்றது?"

"தலையாட்டுறதை வச்சா கணக்கு?" என்றேன். "குடிகாரன் நான் குடிக்கலன்னுதான் தலையாட்டுறான். அதுக்காகக் குடிக்காதவன் ஆயிடுவானா?"

"குடிச்சானாங்கிறது வேற மாமா. குடிக்கலன்னு அவன் நினைக்கிறானாங்கிறது வேற. நாம ரெண்டாவதைத்தான் பேசிட்டிருக்கோம்."

படித்தவர், விட்டுக்கொடுக்கவில்லை. நான் தொழிலுக்குள் இழுத்தேன். நான் ஒரு ஷாஃப்ட் கடைகிறேன். எவனோ அதை எடுத்துப் பார்த்து, பக்கத்துப் பட்டறைக்காரன் கடைந்தது என்று நினைத்துக்கொண்டு, "கடைஞ்சவன் கையில தங்கம் போடணும்" என்கிறான். அந்தப் பாராட்டு யாருக்கு? கடைந்தவன் கைக்குத்தானே? பக்கத்துப் பட்டறைக்காரன் அதைத் தொடக்கூட இல்லையே. மருமகன் இதைக் கேட்டு யோசித்தார். அப்படிச் சொல்லுகிற கட்சியும் அவர்கள் பக்கம் உண்டு என்று ஒத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்போது தட்டு எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி பேசினாள். "அந்த ஆளு அடுத்த வேலையை எந்தப் பட்டறைக்குக் கொண்டு போவான்?"

"பக்கத்துப் பட்டறைக்கு" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"அப்ப பாராட்டு எங்க போச்சுன்னு தெரியலையா? குழம்பு எந்தக் கடைக்குப் போகுதுன்னு பாத்துட்டுத்தானே இருக்கீங்க."

மருமகன் அத்தையை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். உண்மை தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். வெளிச்சத்தின் பிரியம் காயில்காரரை விட்டுக் கிளம்பி மாமாவிடம் வந்தால், இத்தனை நாளும் அது மாமாமேல்தான் இருந்தது, ஆள் தெரியாமல் இருந்தது என்று சொல்லலாம். வராவிட்டால் அத்தை சொன்னதுதான். நான் சிரித்துக்கொண்டேன். வராமல் எங்கே போகும்? மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபின் எவனாவது வேறு சுவிட்சை அழுத்துவானா?

அந்த நாள் வந்தது. காயில்காரருக்கு முதுகு தாங்கவில்லை. கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார். வாசலில் வேன் வந்து நின்றது. வெளிச்சம் ஷெட்டைச் சாத்திவிட்டு வந்து சாமான் ஏற்றினான். ஏற்றி முடித்ததும் பணத்தை எடுத்து நீட்டினான். நான் லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். தெரு அகலம் ஒரு வேன் அகலம்தான், எல்லாம் காதில் விழும்.

"எத்தனை தடவைப்பா சொல்றது. என் பணம் இல்ல" என்றார் அவர். இந்த முறை குரலில் கோபமே இருந்தது.

அவன் சாவிக்கொத்தை எடுத்தான். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை அவன் காட்டியதே இல்லை. அவருக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பான். "அப்ப இந்தக் கம்பியையும் நீங்க கட்டலையாண்ணே?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "முறுக்கு என்னுதுதான்."

"அப்புறம்?"

"நான் காசு எண்ணிக் கம்பி சுத்திக் குடுக்கிறது ரெண்டே பேருக்குத்தான் தம்பி. கம்பி விக்கிறவன் ஒருத்தன். எதிர்க்கடை உன் மச்சான் ஒருத்தன். கம்பி விக்கிறவன் உன் சட்டையைத் தேடி வந்து காசு வைப்பானா?"

வெளிச்சம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டேன். அவன் உடனே வரவில்லை. அந்தச் சாய்வு நாற்காலியை வேனில் ஏற்றி, ஆடாமல் கயிறு கட்டி, அவரை அதற்குப் பக்கத்து சீட்டில் கைபிடித்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். உண்மை தெரிந்த பிறகுமா?

உள்ளே வந்து நின்றான்.

"நான் நினைச்சது தப்பாப் போச்சு முதலாளி" என்றான்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். "தப்பு ஒண்ணும் இல்ல மாப்ளே. நல்லவன்னு நினைச்சே, அது சரி. ஆளைத்தான் மாத்திட்டே. இப்ப மாத்தி வச்சுக்கோ, முடிஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்ற ஆட்டல் இல்லை. "அப்படி இல்ல. பணம் அவரு குடுத்ததுன்னு நினைச்சேன், அது தப்பு. அவரு நல்லவருன்னு நினைச்சேன், அது தப்பில்ல. பணத்துனால தெரிய ஆரம்பிச்சுது, அப்புறம் கூட இருந்து பாத்ததுதான் அதிகம். பணம் வந்த இடத்துல மட்டும்தான் தப்பு."

"அப்ப என்னைப் பத்தி நினைச்சது?"

"கல்நெஞ்சுக்காரருன்னு நினைச்சேன். அதுல பாதி தப்பு."

"மிச்சப் பாதி?"

"அத்தனை பேர் முன்னால இல்லன்னு சொன்னது யாரு? அதுவும் நீங்கதானே."

பதில் சொல்ல எனக்கா தெரியாது? பட்டறை, வேலையாட்கள், மறுநாள் வரிசை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தெருப் பக்கம் நின்றுகொண்டே கேட்டான், ஒரு கண் வேன் மேலேயே இருந்தது. மருமகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போதே கவலை வந்துவிட்டது. என் மனைவிக்குச் சொல்லவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

"கையை நீட்டுங்க மச்சான்" என்றான்.

முதல் தடவை. கடன் தீர்க்கிற அன்றைக்கு. நீட்டினேன். எந்த மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொன்னேனோ அவன் முன்னால், பட்டறையில் அத்தனை பேரும் பார்க்க, கையை விரித்து நீட்டினேன். சாவிக்கொத்தில் இருந்த கம்பியையும் தருவான் என்று பார்த்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பணத்தை ஒவ்வொரு தாளாக என் கையில் வைத்து எண்ண ஆரம்பித்தான். பாதியில் வேன் ஹாரன் அடித்தது. "தோ வரேண்ணே" என்று திரும்பிக் குரல் கொடுத்தான். கொடுத்த குரலில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. என் கையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினான்.

"ரெண்டு தடவை எண்ணியாச்சு. உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சொல்லி, கடைசித் தாளை என் உள்ளங்கையில் வைத்தான்.